ஐந்து நிமிட இருட்டு

இந்தத் தீவுக்குப் பூஞ்சணம் ஒன்றும் புதிதில்லை.
நவம்பர் மழைக்கு
அலமாரியில் தொங்கும் இடைவாரில் பூக்கும்,
கார் இருக்கையில் பூக்கும்.
என் கல்யாண ஆல்பத்தில்
மாப்பிள்ளைத் தோழனின் முகத்தை மட்டும்
பச்சையாய்த் தின்று வைத்திருக்கிறது.
துணியால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம்.

நுரையீரலைத் துடைக்க முடியாது.

குளுகோர் மேட்டில், மூன்றாம் மாடியில்,
ஜன்னல் இல்லாத அறை.
இரவு எட்டு மணிக்கு நானும் நோராஷிகினும்
தலைக்கு உறை, காலுக்கு உறை,
முகம் போய்க் கண் மட்டும் மிஞ்சியவர்களாய்
சுண்டெலிக் கூண்டுகளைத் தள்ளிக்கொண்டு.

முன்பெல்லாம் முதல் நாள் நான்கைக் கொன்று திறப்போம்.
மூன்றாம் நாள் நான்கு. ஐந்தாம் நாள் நான்கு.
நோய் எங்கே இருந்தது என்று தெரியும்,
எங்கே போய்க்கொண்டிருந்தது என்று தெரியாது.
ஒரே கதையின் ஒவ்வொரு பக்கத்தையும்
வேறோர் எலி சொன்னது.

இப்போது இன்று பார்த்த எலியை நாளைக்கும் பார்க்கலாம்.
பூஞ்சைக்குள் மின்மினியின் மரபணு ஒன்றை
யாரோ எங்கோ நுழைத்து
உலர் பனிக்கட்டியில் பொதிந்து அனுப்பியிருக்கிறார்கள்.
நிபோங் திபாலில் படகோட்டி மோட்டாரை நிறுத்தியதும்
கரை மரம் முழுக்க மினுக்குமே,
அதே வித்தை.
அங்கே அது துணையைக் கூப்பிடுகிறது.
இங்கே காட்டிக்கொடுக்கிறது.

வயிற்றில் ஓர் ஊசி. மயக்க வாயு.
நெஞ்சு மழித்த மூன்று உடல்கள்
இளஞ்சூட்டுத் தட்டில் மல்லாந்து.
கதவைச் சாத்துகிறேன்.
உள்ளே ஐந்து நிமிட இருட்டு.
கண்ணுக்கு எட்டாத ஒளித்துகள்களைக்
கேமரா அங்கே
கோயில் உண்டியல் காசாய் எண்ணுகிறது.

திரையில் தெரியும் நீலமும் சிவப்பும் நாங்கள் பூசியவை.
அசல் ஒளிக்கு அவ்வளவு பகட்டில்லை.

பதினேழாம் எண், வாலில் மூன்று கறுப்புக் கோடு.
இரண்டாம் நாள் வலப்பக்கம் ஒரு கடுகு.
மூன்றாம் நாள் பட்டாணி, நடுவில் சிவப்பு.
நான்காம் நாள் இரண்டு பக்கமும்.
ஐந்தாம் நாள்
ஒன்றுமில்லை.

“மருந்து கேட்டுவிட்டது!” என்றான் சியூ வெய்.
ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அவனுக்குத் தெரிந்துவிட்டது.
மழையில் ஓடிப்போய்
மூன்று பொட்டலம் தே தாரேக் கட்டி வந்தான்.

காலையில் எடை போட்டவள் நான்.
தொடங்கும்போது இருபத்து மூன்று கிராம்,
இன்று பதினெட்டேகால்.
உள்ளங்கையில் ஏறி உட்காரும் அந்தக் கனம்
எனக்குத் தெரியும்.
இன்று மயிர் சிலிர்த்துக் கூனியிருந்தது,
விரலை மோந்து பார்க்கவில்லை.

பக்கத்து அறைக்குத் தூக்கிப்போய்
எக்ஸ்ரே கதிரைச் சுற்றவிட்டோம்.
காற்று இருந்தால் கறுப்பாய்த் தெரிய வேண்டிய இடம்
மார்கழிக் கோலமாவு கொட்டினாற்போல்
வெளுத்துக் கிடந்தது.

மின்மினி விளக்குக்கும் மூச்சு வேண்டும்.
பூஞ்சை அடர்ந்து அடர்ந்து
தன் காற்றையே அடைத்துக்கொண்டால்
விளக்கு நிற்கும்,
பூஞ்சை நிற்காது.
ஒரு படத்தில் இருட்டு, ஒரு படத்தில் வெள்ளை,
சேதி ஒன்றுதான்.

சியூ வெய் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.
“காசிஹான்” என்றாள் நோராஷிகின்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கொல்லாமல் பார்க்கும் கருவி என்று
வருகிறவர்களிடம் சொல்வோம்.
பொய்யில்லை. முழுதும் இல்லை.
எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் என்று
படிவத்தில் ஒரு வரி இருக்கிறது.
அந்த வரியின் வேலையும் என்னுடையதுதான்.
மயக்கம் தெளியும் முன்பே செய்து முடித்தேன்.

குறிப்பேட்டில்: பதினேழு. ஐந்தாம் நாள். ஒளி இல்லை.
‘நோய் இல்லை’ என்று சியூ வெய் பென்சிலால் எழுதியிருந்ததை
அவனே அழித்தான்,
தாள் கிழிகிற அளவுக்கு.

பாலத்தில் விளக்கு வரிசையாய் எரிந்துகொண்டிருந்தது.
படியில் உட்கார்ந்து
மூன்றாவது பொட்டலத்தின் கயிற்றை அவிழ்த்தேன்.
ஆறிப்போயிருந்தது.
ஆடை படிந்திருந்தது.
குடித்தேன்.