பதினான்காம் எண்ணுக்கு நேரே

பகலில் மாவட்ட வரி அலுவலகம்.
ஆட்டம் இருக்கும் மாலைகளில்
நடுக்கோட்டருகே நீளமேசை, கடிகாரக்காரருக்கு இடப்புறம்.
சின்னக் கல்லூரி. புள்ளி, ஃபவுல், ரீபவுண்ட், அசிஸ்ட்
எல்லாவற்றுக்கும் ஒரே பென்சில்.
பதினேழு வருடமாக அது என் பென்சில்.

நவம்பர், முதல் ஆட்டம்.
சர்க்கரைக் கிழங்கு ஆலையின் வாடை
கோட்டுகளோடு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.
எண்ணூறு நாற்காலிகள், அறுபது பேர்.
சிக்னி ஹால்வர்சன், முதலாண்டு, எண் பதினான்கு.
பந்து தவறினால் சிறு வட்டம் போடுவது என் வழக்கம்.
அவளுக்கு நேரே ஒன்பது முட்டைகள்.
பத்தாவதற்கு அவள் கை தூக்கியபோது
பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.
அதுவும் முட்டைதான்.
ஆனாலும் தூக்கினாளே கையை,
அதற்கு என் தாளில் கட்டம் இல்லை.

டிசம்பரில் பதினொன்று, பதினாறு, எட்டு.
ஜனவரியில் ஒரு பனிப்புயல் இரவு
எதிரணி பஸ் இரண்டு மணி நேரம் தாமதம்.
காத்திருந்த நேரமெல்லாம் அவள்
இடது மூலையிலிருந்து எறிந்துகொண்டே இருந்தாள்.
பந்து எடுத்துக்கொடுத்தவள் மில்வாக்கிக்காரி இமானி,
எண் முப்பத்திரண்டு, முழங்காலில் எப்போதும் பிளாஸ்திரி.
அன்று முப்பத்தொன்று.
வலை அசையும் சத்தம், கேட்டிருப்பீர்கள்,
ஈரத் துணியை உதறுவதுபோல.
ஆறு தடவை அதே மூலையில்.

பிறகு ஷிஃப்ட் முடிந்த ஆலை ஆட்கள்
தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்தார்கள்.
பல் மருத்துவர் வெள்ளிக்கிழமை மாலை கடையடைத்தார்.
இரண்டாம் ஆண்டில் எண்ணூறும் போதவில்லை,
டிக்கெட் வரிசை வாகன நிறுத்தம்வரை நின்று உறைந்தது.
தொலைக்காட்சிக்காரன் அவள் பெயரை
மூன்று விதமாகத் தப்பாகச் சொன்னான்.
அவள் திருத்தவில்லை.

பிப்ரவரி பத்தொன்பது.
இருபத்தாறு புள்ளி, பத்து அசிஸ்ட், பத்து ரீபவுண்ட்.
கல்லூரி வரலாற்றிலேயே முதல் முறை என்று
ஒலிபெருக்கி கத்தியதும்
கூரையில் தொங்கிய கொடிகள் ஆடின.
யாரோ என் தோளைக் குலுக்கினார்கள்,
நானே விளையாடியதுபோல.

எல்லோரும் போனபின், தலை ஈரம் காயாமல்,
ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் சாக்ஸுமாக வந்தாள்.
"மூன்றாவது கால் ஆட்டம், நாலு நிமிடம் மிச்சம்.
அந்த ரீபவுண்ட் இமானியுடையது.
பிடித்துக்கொண்டு விழுந்தாள்.
அவள் கையிலிருந்துதான் நான் வாங்கினேன்."

தெரியும். பார்த்தேன்.
முப்பத்திரண்டைப் பார்த்துவிட்டுப்
பதினான்கு என்று எழுதினேன்.
பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு டாலர் வரிகூடக் குறைக்காதவள்.
பத்து ஆக வேண்டுமென்று
இந்தக் கையும் ஆசைப்பட்டிருக்கிறது.

அவள் முன்னாலேயே அழித்தேன்.
ரப்பர் தூளை ஊதிவிட்டது அவள்தான்.
"நன்றி" என்றாள், கடன் வாங்கிய பேனாவைத்
திருப்பிக் கொடுப்பவளைப்போல.
நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
விளக்கை அணைக்க ஆள் வந்துவிட்டான்.

மறுநாள் ஒன்பது என்று அறிவித்தார்கள்.
அச்சடித்த சுவரொட்டி குப்பைக்குப் போனது.
பெட்ரோல் பங்கில் ஒருவன்
மிச்சச் சில்லறையை மேசையில் வைத்தான், கையில் தரவில்லை.
பயிற்சியாளர் ஒரு வாரம் தலையை மட்டும் ஆட்டினார்.
தவறு என்னுடையது என்று மட்டும் ஊருக்குத் தெரியும்,
என்ன தவறு என்று அவளுக்குக்கூடத் தெரியாது.

இமானி அன்றிரவு அம்மாவுக்குப் போன் செய்து
நாலு ரீபவுண்ட் என்று சொல்லியிருந்தாளாம்.
காலையில் மறுபடி கூப்பிட்டு
ஐந்து என்றாளாம்.

அடுத்த நவம்பருக்கான தாள்கட்டு வந்துவிட்டது.
பெயர்களை எழுதிவைத்தேன்.
பதினான்குக்கு நேரே வெள்ளை.
முதல் வட்டம் விழட்டும்,
அவள் எப்படியும் தவறவிட்டுத்தான் தொடங்குவாள்.