ஒன்பதரை அங்குலம்

டுலூத்தில் ஏப்ரலிலும் ஏரி பாதி உறைந்தே கிடக்கும்.
இரும்புத்தாது ஏற்ற வந்த முதல் கப்பல்
பாலத்தருகே ஊதிய சனிக்கிழமை
சமையலறை அலமாரிக்குள் தலையை விட்டேன்,
கையில் ரம்பத்தோடு.

தோள் அறுவைக்குப் பின்
டாக்னியின் வலக்கை தாடைக்கு மேல் எழுவதில்லை.
கோப்பைகளோ அவள் நெற்றிக்கு மேலே.
"இதைச் செய்தவன் ஒட்டகச்சிவிங்கியைக் கட்டியிருப்பான்"
என்றாள்.

ஆணியடித்த தட்டுகள்.
ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒன்பதரை அங்குலம்,
அதற்கு மேல் ஒரு நூலும் தராது.
சூப் பானை குடித்தவன்போல் பக்கவாட்டில் படுத்திருக்கும்.
எண்ணெய் பாட்டில் உள்ளே வந்ததே இல்லை.
கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியை மட்டும்
வாரம் தவறாமல்
கத்தரிக்கோலால் தலை சீவி உள்ளே வைப்பேன்.
செருப்புக்குக் காலைச் செதுக்குகிற வேலை.
முப்பத்தொரு வருஷம்.
கணக்குப் போட்டால்
ஆயிரத்து அறுநூறு தலைகள்.

முதலில் கீழிருந்து சுத்தியலால் தட்டினேன்.
அசையவில்லை.
காடி வெட்டி, பசை ஊற்றி இறுக்கியிருந்தான்.
நடுவில் அறுத்தேன்.
இரண்டு பாதியும்
ஆடுகிற பல்லைப்போல் வந்தன,
கொஞ்சம் மரச்சதையோடு.

காடிக்குள் பெயிண்ட் படாத பைன்,
வெளிறிய மஞ்சள்.
அங்கே பென்சிலில் 10 என்று எழுதி
அடித்திருந்தது.
கீழே 9½.
இடையில் என்ன நடந்தது?
பலகை போதவில்லையா?
வீட்டுக்காரி வந்து ஏதாவது சொன்னாளா?
இல்லை, வெறும் பசிதானா?
அந்த அரை அங்குலத்தைப் பார்த்தபடி
டீயை ஆறவிட்டேன்.

டிரில் முனையில் நீல டேப் சுற்றிக்கொண்டேன்,
பலகையைத் துளைத்து மறுபக்கம் போய்விடாமல்.
அச்சுப்பலகையைச் சாய்த்து வைத்து
இடப்பக்கம் இருபத்திரண்டு துளை,
வலப்பக்கம் இருபத்திரண்டு.
புதுத்தட்டை முளைகளில் ஏற்றியதும்
டாக்னி அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாள்.
அது யோசித்தது.
பிறகு உருண்டு
நேரே தொட்டிக்குள் விழுந்தது.
வலப்பக்கம் அச்சைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்.
"சிரிக்க வைக்காதே, தோள் வலிக்குது"
தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பக்கத்து வீட்டு ஆர்வோ லைட்டினென்
வாசலோடு நின்று பார்த்தார்.
"மேல் எதுன்னு எழுதி வை" என்று மட்டும் சொல்லிப் போனார்.
எழுதி வைத்தேன்.
தப்பான இருபத்திரண்டையும் குச்சி செருகி
பசையிட்டு அடைத்து
ராத்திரி முழுக்கக் காயவிட்டு
மறுபடி ஆரம்பித்தேன்.

இப்போது எல்லாம் நகரும்.
திங்கள் அவள் ஒரு துளை கீழே இறக்கினாள்.
செவ்வாய் நான் இரண்டு துளை மேலே ஏற்றினேன்.
புதன் சாப்பாட்டில் பேச்சே இல்லை.
முன்பெல்லாம் பானை இடறினால்
இருவரும் சேர்ந்து அந்தத் தச்சனைத் திட்டுவோம்.
செத்தே போயிருப்பான், கேட்கப்போவதில்லை.
இப்போது திட்டுவதற்கு
நான் இருக்கிறேன், அவள் இருக்கிறாள்.
நாலு பித்தளை முளைகள்
விரல்நகம் பெரிசுதான்;
எத்தனை கோபத்தைத் தாங்குகின்றன!

கோப்பைகள் கடைசியில்
அவள் தாடை உயரத்தில் நின்றன.
அதில் நான் கை வைக்கவில்லை.

சனிக்கிழமை கடையிலிருந்து வந்ததும்
பைகளைப் பிரித்து அடுக்கினேன்.
பால், முட்டை, ரொட்டி.
டாக்னி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
என்னவென்று கேட்க வாயெடுத்தபோதுதான்
என் கையில் கத்தரிக்கோல் தெரிந்தது.
மேசையில் அட்டைத்துண்டு.
உள்ளே, தலையில்லாத பெட்டிக்கு மேல்
நாலு விரற்கடை வெற்றிடம்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மேல்தட்டிலிருந்த தட்டங்களை
ஒவ்வொன்றாக இறக்கினாள்.
"பிடி" என்றாள்.
பலகையைத் தூக்கிப் பிடித்தேன்.
இடக்கையால் முளைகளைப் பிடுங்கி
கீழே செருகினாள்,
பெட்டியின் வெட்டுவாய்க்குச் சற்று மேலே.

அளக்க டேப்பை எடுத்தேன்.
"வேண்டாம்" என்றாள்.