லீற்றருக்கு எத்தனை

மீற்றரில் ஐந்தே இலக்கம்.
நாற்பத்தேழாயிரத்துச் சொச்சத்தில் நின்றது.
"எத்தனையாம் சுற்று சேர்?" என்று கேட்டேன்.
கிருபைராசா சேர் விரல் மடித்து எண்ணிப்பார்த்து
நாலாவதில் கைவிட்டார்.
கேபிள் அறுந்துகிடந்த வருசங்களை
யார் கணக்கில் எழுதுவது?

பதினாறு ஸ்ரீ கொரோலா.
உப்புவெளிக் காற்று நக்கி நக்கித் தின்ற
கதவடித் தகடு,
விரலால் அழுத்தினால் பப்படம்.
இடதுபக்கப் பின்கதவை மட்டும்
"கொஞ்சம் தூக்கி, பிறகு இழுங்கோ பிள்ளை"
என்று செய்துகாட்டிவிட்டுக்
காசை எண்ணாமலே பைக்குள் வைத்தார்.

பகல் முழுக்க ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்
ஊரார் எலும்பு பார்ப்பவள் நான்.
நாலரைக்குப் பிறகு
அனுராதபுரச் சந்திக்குப் பின்னால்
நஸ்வரின் கராஜில்
பலகைமேல் மல்லாந்து கிடந்தேன்.
"இது பொம்புளயள்ற வேலயா மிஸ்?" என்றவன்
மூன்றாம் நாள்
"மிஸ், அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பனர்" என்றான்.

கார்ப்பெற்றை உரித்தோம்.
ஒரு சிரட்டை கடல்மணல்,
கச்சான் கோது, எழுத்தழிந்த பஸ் ரிக்கற்,
சோதனைச்சாவடிகளில் கழற்றிக் கழற்றி
மரை தேய்ந்துபோன சீற்றின் ஆணிகள் நாலு.
மணலைக் கொட்டினோம். ஆணிகளை மாற்றினோம்.

கந்தளாயில் மோதி நொருங்கிய லைட்ஏஸ் வானிலிருந்து
5கே எஞ்சின் வந்து சேர்ந்தது,
வெறுமையாய்த் திரும்பிய மீன் லொறியில்
சாக்குப் போர்த்திக்கொண்டு,
ஒயிலும் சூரையும் மணக்க.
ஹெட்டை லேத்தில் கொடுத்து மயிரிழை சீவினோம்.
இரட்டைக் கார்புரேட்டர், என் இரண்டு மாதச் சம்பளம்.
முதல்தரம் முறுக்கியபோது
பக்கத்துக் காணியில் மூன்று மான்கள்
தலைதூக்கிப் பார்த்துவிட்டுத்
திரும்பவும் குப்பைக்குள் வாயை வைத்தன.

பிறகுதான் தொடங்கியது.
எஞ்சினின் பலம் தாங்காமல் கிளச் வழுக்கியது.
அதை மாற்ற, கியர்பெட்டி அழுதது.
பின் அச்சு ஒரு கிழமை பொறுத்துப் பார்த்து
வெள்ளிக்கிழமை முனகியது.
எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு
நிற்கத் தெரியாது என்று தெரிந்தது.
"வயசாளிக்கு இளசுட நெஞ்ச வெச்சா
முழங்கால் சும்மா இரிக்குமா மிஸ்?"
நஸ்வர் சிரிக்கவில்லை.
பிரேக்குக்கும் சேர்த்து பில் எழுதினான்.

நிலாவெளி வீதி, ஞாயிறு, விடிய ஐந்தரை.
நாலாம் கியரில் மிதித்தேன்.
முதுகு சீற்றோடு ஒட்டியது.
நூற்றிருபதில் ஸ்ரேறிங் நடுங்கவில்லை,
நான் நடுங்கினேன்.
கண்ணாடி இறக்கி, உப்புக்காற்றுக்குள்
வாய்விட்டுக் கத்தினேன், அர்த்தமில்லாமல்.
ஆறாம் கட்டையடியில் ஒரு மாடு.
கார் நின்றது. மாடு முதலே நின்றிருந்தது.
அது என்னைப் பார்த்த பார்வையில்
மரியாதை இருந்ததாகச் சொல்லமாட்டேன்.

போன கிழமை கிருபைராசா சேர்
பிறஷர் கிளினிக்குக்கு வந்திருந்தார்.
"ஏறுங்கோ, வீட்டில இறக்கிவிடுறன்."
சத்தத்தில் பிடிபடவில்லை அவருக்கு.
வெள்ளை இப்போது கடுநீலம், நிறத்திலும் இல்லை.
ஒருமுறை சுற்றி வந்து
இடதுபக்கப் பின்கதவில் கை வைத்தார்.
தூக்கினார்.

புதுக் கீல். கிறீஸ் பூசிய பூட்டு.
கதவு பஞ்சாய்த் திறந்துகொள்ள,
தூக்கிய வேகத்துக்குப் பிடிக்க இடமில்லாமல்
இரண்டடி பின்னுக்குப் போனார் மனுசன்.
நான் பாய்ந்து பிடிக்க
"இல்லை, இல்லை" என்று
கையை உதறிக்கொண்டு ஏறினார்.

உட்துறைமுக வீதி வரைக்கும் பேச்சில்லை.
"நல்லா இழுக்குது."
"ஓம் சேர்."
"லீற்றருக்கு எத்தனை?"
அவருக்குப் பதினாலு ஓடிய கார்.
எனக்கு ஏழு. இறக்கத்தில் ஏழரை.
"பதினொண்டு" என்றேன்.
கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார்.
முன்சீற்றுக்கு மேலால் எட்டி
பெற்றோல் முள்ளைப் பார்த்தார்.
"ம்" என்றார்.
கொஞ்சத் தூரம் போக,
"அந்தா, ஷெட்டில கியூ இல்லை பிள்ளை."