கேட்கத் தெரியாதவனுக்கு

மூன்று தட்டு வைத்து இரண்டை எடுத்தேன்.
பிறகு ஒன்றைத் திரும்ப வைத்தேன்.
கோப்பைக் கணக்கு மட்டும் மாறவில்லை:
எனக்கு ஒன்று, எலியாவுக்கு ஒன்று.

த்ரியெஸ்தேயில் இரண்டு நாளாய்ப் போராக் காற்று.
இதற்காகத்தான் ஒரு காலத்தில்
எங்கள் தெருமுனைகளில் கயிறு கட்டியிருந்தார்கள்,
ஆள் பறந்துபோகாமல் பிடித்து நடக்க.

எல்தா ரொசாரியோவில்.
மகளின் பிரசவத்துக்குப் போனாள்.
பிள்ளை காத்திருக்கவில்லை, ஏழாம் மாதமே வந்துவிட்டான்.
கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான்,
ஒரு கிலோ நானூறு கிராம்.
எட்டாம் நாள் சடங்கு தள்ளிப்போனதில்
இன்னும் பெயர்கூட இல்லை.

பொழுது சாயும் முன் பேசினாள்.
அங்கே அப்போதுதான் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது.
"எலும்பு ஐஸ் பெட்டியில், அடித்தட்டில்.
அப்பத்தை ஒளிக்கும்போது எட்டுகிற இடமாய்ப் பார்த்து ஒளி,
ஸ்டூல் மேல் ஏறாதே."
போனை இழுப்பறைக்குள் தள்ளினேன்.
திருநாள் இரண்டும் கழிந்து
மூன்று நட்சத்திரம் தெரியும்வரை அது ஊமை.

தனித்திருப்பவன் தன்னையே கேட்க வேண்டும்.
விதி அதையும் யோசித்து வைத்திருக்கிறது.
வீட்டில் மிகச் சின்னவன்தான் கேட்பது வழக்கம்.
இன்றிரவு அது நான், வயது அறுபத்து நான்கு.
இந்த இரவு ஏன் மற்ற இரவுகளைப் போல் இல்லை?
சத்தமாகவே கேட்டேன்.
ஃபிரிட்ஜ் உறுமி நின்றது.

நான்கு பிள்ளைகளின் பகுதி வந்தது.
அறிவாளியைத் தாண்டினேன், துடுக்கனைத் தாண்டினேன்,
வெள்ளந்தியையும்.
கேட்கத் தெரியாதவனிடம் வந்து நின்றுவிட்டேன்.
அவனுக்கு நீயே தொடங்கு என்கிறது ஏடு.

கேளடா, என்றேன்,
கடலுக்கு அப்பால் குழாய்களுக்கு நடுவே கிடப்பவனை.
எகிப்து என்ற சொல்லுக்குள்
எங்கள் மொழியில் இடுக்கு என்ற சொல்லும் கேட்கும்.
அந்த இடுக்கிலிருந்து வந்தோம்.
மாவு புளிக்கக்கூட நேரமில்லை.
நீயும் கட்டுச்சோறு இல்லாமல் கிளம்பியவன்தானே.
யாரும் நேரே ஊருக்குள் போய் இறங்கிவிடவில்லை,
நடுவில் நாற்பது வருஷம் மணல்.
உனக்கு அவ்வளவு ஆகாது.
ஐந்து வாரம் என்கிறார் டாக்டர்.

துருவிவைத்த கிரென் கிழங்கு மூக்கில் ஏறியது.
கண் கலங்கியதற்கு அதுதான் காரணம் என்று
யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாப்பிட்டானதும் ஒளித்த துண்டைத் தேடினேன்.
அதைத் தின்னாமல் விருந்து முடியாது.
ஒளித்தவனும் நான், தேடுபவனும் நான்,
இதில் என்ன விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.
இரண்டு கோப்பைத் திராட்சை ரசத்துக்குப் பின்
இடம் சுத்தமாய் மறந்துபோயிற்று.
புத்தகங்களுக்குப் பின்னால் இல்லை.
தலையணை உறையில் இல்லை.
சூப் பாத்திரத்தில் அவள் ஆறு மாதமாய்த் தேடிய
மூக்குக்கண்ணாடி இருந்தது.

முக்கால் மணி நேரம்.
கடைசியில் அவளுடைய குளிர்க்கோட்டின் பையில்,
ஒரு பழைய பஸ் டிக்கெட்டுக்கும்
இருமல் மிட்டாய்க்கும் நடுவே,
துணியில் சுற்றி, ஓரம் நொறுங்கி.

கண்டெடுத்தவனுக்குப் பரிசு தர வேண்டும்.
என்னிடமே பேரம் பேசினேன், படியவில்லை.
தின்றேன்.
விரல் நகமளவு ஒரு துண்டை மட்டும்
கோட்டுப் பையிலேயே திரும்பப் போட்டேன்.
கடல் தாண்டிவருபவர்களுக்கு அது காவல் என்பார்கள்.
எனக்கு நம்பிக்கை கிடையாது. போட்டேன்.

எலியாவுக்குக் கதவைத் திறந்தால்
முதலில் நுழைந்தது போரா.
ஒரு மெழுகுவர்த்தி அணைந்தது,
மற்றதிலிருந்து ஏற்றிக்கொண்டேன்.
மாடிப்படியில் ஸ்தாங்கா, கையில் குப்பைப் பை.
"யாரையாவது எதிர்பார்க்கிறீர்களா?"
"ஆமாம்."
"வருவாரா?"
"இதுவரை வந்ததில்லை."
அவள் தலையசைத்து, கம்பியைப் பிடித்தபடி இறங்கினாள்.

கொக்கியில் தொங்கிய கோட்டின் கைக்குள்
காற்று புகுந்து
அது மெல்ல உயர்ந்தது,
மேசையில் எதையோ எட்டி எடுக்கப்போவது போல.

கதவைச் சாத்த
கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.