ஆகஸ்டில் சிவந்தவை

ஆகஸ்டில் சிவக்கக் கூடாது கொனாரா ஓக்.
அதற்கென்று நவம்பர் இருக்கிறது.
எதிர்ச் சரிவில் நின்று எண்ணினேன்.
பச்சைக்கு நடுவே
கவிழ்த்து வைத்த துரு வாளிகளாய்
நாற்பத்து மூன்று.

அடிமரத்தில் மரத்தூள்
சலித்த மாவு போலக் குவிந்திருந்தது.
பட்டையெங்கும் குண்டூசித் துளைகள்.
ஐந்து மில்லிமீட்டர் வண்டு.
பெண்வண்டின் முதுகில் பொடிக் குழிகள்,
குழிக்குள் பூஞ்சை.
பிள்ளைகள் சாப்பிட
மரத்துக்குள் வயல் போடுகிறாள்.
வயல் விளைய விளைய
மரத்துக்குத் தண்ணீர் ஏறுவதில்லை.
அவளைத் திட்டி என்ன,
நகராட்சியில் என் வேலையே அவளால்தான்.

பதிவேட்டில் உள்ள உரிமையாளர்
செத்து முப்பது வருஷம்.
வாரிசுக்கு ஏழு கடிதம் போட்டேன்.
ஏழாவதற்கு ஒசாகாவிலிருந்து போன்.
"குனிமோதோ பேசுகிறேன்.
எனக்குக் காடு இருக்கிறதாமே?"
மூவாயிரம் சதுர மீட்டர் என்றேன்.
விலை கேட்டார். சொன்னேன்.
கொஞ்ச நேரம் ரயில் அறிவிப்பு மட்டும் கேட்டது.
"அதை நான் ஒன்றுமே செய்யவில்லையே,
பிறகு ஏன் சாகிறது?"

அதனால்தான்
என்று போனில் சொல்ல நா எழவில்லை.

அக்டோபரில் வந்தார்,
அலுவலக ஷூவோடு,
ஸ்டேஷனில் வாங்கிய சோற்றுப்பெட்டி மூன்றோடு.
பாதையை மூங்கில் விழுங்கியிருந்தது.
நுகாதா முன்னால் வெட்டிக்கொண்டே போக
பன்றி கிளறிய மண்ணில் வழுக்கி ஏறினோம்.
ஓரடியில் நாலு மரம் நிற்பதைப் பார்த்து
"இவ்வளவு நெருக்கியா நடுவார்கள்?" என்றார்.

யாரும் நடவில்லை, வெட்டினார்கள்.
கரிக்கு, விறகுக்கு, காளான் கட்டைக்கு,
பதினைந்து இருபது வருஷத்துக்கொரு தடவை
முழங்கால் உயரத்தில்.
வெட்டின கட்டை துளிர்த்தது,
துளிர் மறுபடி மரமானது.
அந்தக் கோடாலியை நம்பித்தான்
காடு கிழடாகாமல் இருந்தது.
வண்டுக்குப் பிடித்ததோ பருத்த மரம்.

நுகாதா ரம்பத்தை முடுக்கினாள்.
செத்த மரம் விழும்போது
இலை சரசரக்கவில்லை, நொறுங்கியது.
குனிமோதோ மண்டியிட்டு
பேனா முனையால் வளையம் எண்ணினார்,
பத்துக்கொரு புள்ளி.
இரண்டு தடவை தப்பி
மூன்றாவதில் அறுபத்தொன்று.
"அந்த வருஷம் என்ன ஆயிற்று?"
"ஊருக்கு காஸ் சிலிண்டர் வந்தது" என்றாள் நுகாதா,
ரம்பப் பல்லைத் துடைத்தபடி.
"நல்லதுதானே?"
நல்லதுதான்.
புகையில்லாமல் சோறு வெந்த அன்று
மலையை நினைத்து யார் அழுவார்?

படிவத்தை நீட்டினேன்.
செத்தது நாற்பத்து மூன்றும் வெட்ட.
கூடவே, பக்கத்தில் உயிரோடு நிற்கும் பன்னிரண்டும்.
அவர் அண்ணாந்து பார்த்தார்.
உச்சியில் ஏதோ குருவி
தலைகீழாய்த் தொங்கி இலையைப் புரட்டிக்கொண்டிருந்தது.
"செத்ததை எடுங்கள். இது என்ன பாவம் செய்தது?"
"பருத்துவிட்டது.
இப்போது வெட்டினால் கட்டை துளிர்க்கலாம்."
"லாம்?"
"பந்தயம் கட்ட மாட்டேன்."

முத்திரை வைக்காமலே படிவத்தை மடித்துக்கொண்டார்.
நினைவுக்கு ஒரு மர வட்டு கேட்டார்.
நோய்க் கட்டை மலையைத் தாண்டக் கூடாது என்றேன்.
மருந்தடித்து, விரிப்புப் போர்த்தி,
ஓரங்களை மண்ணால் அமுக்கினோம்.
போகும்போது குனிந்து
உயிர்மரத்தடியில் விதை ஒன்றைப் பொறுக்கி
சட்டைப்பையில் போட்டதை
பார்க்காததுபோல் இருந்தேன்.

பத்து நாள் கழித்து, இரவு, போன்.
படிவம் தபாலில் வருகிறதாம்,
பன்னிரண்டுக்கும் சேர்த்து முத்திரை.
நன்றி சொல்லி வைக்கப் போனேன்.
"இன்னொன்று.
அந்த விதையில் ஓட்டை போட்டு
வெள்ளையாய் ஒரு புழு வெளியே வந்திருக்கிறது.
சமையல் மேடையில் ஊர்கிறது.
எதையோ தேடுகிற மாதிரி.
அதற்கு என்ன கொடுப்பது?"

மண், என்றேன்.

ஒன்பதாவது மாடி.
ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது,
பிறகு மூடும் சத்தம்.
"கொஞ்சம் இருங்கள்" என்றார்,
"செருப்புப் போட்டுக்கொள்கிறேன்."