கையுறை

ஓல்டனில் நவம்பர் என்றால்
ஆறு கிழமைப் பனிப்புகார்.
ஏழரைக்குச் சிறுவர் பள்ளிக் கதவைத் திறப்பேன்.
பன்னிரண்டு சின்னக் கதிரைகள்,
ஒன்றுகூட என் முழங்காலைத் தொடாது.
பதினேழு வருடம் அவற்றில்தான் இருந்தேன்,
உடம்பில் பாதி அந்தரத்தில்.

முதல் வருடம் எமில் அழுதான்,
தாய் போன பாதையைப் பார்த்தபடி.
ஜன்னல் கண்ணாடி முழுக்க மூக்குச் சளி.
ஜெர்மனில் ஆறுதல் சொன்னேன், நிற்கவில்லை.
தமிழில் சொன்னேன், இன்னும் கூடியது.
அவனுடைய சிவப்புக் கையுறையை
என் தலையில் வைத்துக்கொண்டு
கையுறையைக் காணவில்லையே என்று தேடத் தொடங்கினேன்,
அலுமாரிக்குள், சூப் பானைக்குள்,
அதிபர் ஷ்டூடர் அம்மையாரின் சப்பாத்துக்குள்.
அழுகை ஒரு கணம் நின்று யோசித்தது.
"தலையில!"
நான் இடது பக்கம் பார்த்தேன்.
"இல்ல, தலையில!"
வலது பக்கம் பார்த்தேன்.

மூன்று வயது ஆள் மரியாதைக்குச் சிரிப்பதில்லை.
பிடிக்காவிட்டால்
எழும்பிப் போய் மணலைத் தின்பான்.

நாற்பத்து மூன்றில் நாடகத்துக்குப் போனேன்.
ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு நிலவறை,
எழுபது இருக்கை, ஒரு ஈரச் சுவர்.
நெறியாளர் சொன்னார்:
நீங்கள் தரை துடைக்கிற பெண்.
வாளியோடு வந்து வழுக்கி விழவேண்டும்.
ஜெர்மனைக் கொஞ்சம் உடைத்துப் பேசுங்கள்.
எந்த இடத்தில் உடைக்க என்று கேட்டேன்.
வினையிலா, பாலிலா, வேற்றுமையிலா?
இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த மூன்றையும்
மூக்குத் துடைத்துக்கொண்டே
ஒட்டிக் கொடுத்தவள் நான்.
அவர் சிரித்துவிட்டு
அதையே வசனமாக்கி எழுதிக்கொண்டார்.
வாளி மட்டும் மிஞ்சியது.

ஸ்காபரோவிலிருந்து மச்சாள் எடுத்தா.
"ரீச்சர் வேலையை விட்டுப்போட்டுப் பகிடிக்காரியோ?
நாளைக்குக் கவினிக்குச் சம்பந்தம் பேசேக்குள்ள
தாய் என்ன செய்யிறா எண்டு கேட்டால்?"
விழுகிறா எண்டு சொல்லுங்கோ.
கிழமையில நாலு நாள், சனிக்கிழமை ரெண்டுதரம்.
மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டது.
இருமலா, சிரிப்பா,
இன்றுவரைக்கும் கேட்கவில்லை.
இவர் ஒன்றும் பேசவில்லை. முழங்காலுக்குப் பூச
எண்ணெய் வாங்கி வந்தார்.

போன வெள்ளி, துடைப்பம் தொலையும் காட்சி.
துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மேடை முழுக்கத் தேடுகிறேன்.
நாகரிகமான சனம்.
சிரிப்பைக்கூட
மேலங்கியோடு வாசலில் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வரும்.
மூன்றாம் வரிசையில் தாடிக்கார இளைஞன் ஒருவன்
முந்திச் சிரித்தான்.
பகிடி இன்னும் வந்து சேரவில்லை,
வழியில்தான் இருக்கிறது.
அவன் எழும்பி நின்று கத்தினான்:
"தலையில!"

தலையில் ஒன்றும் இல்லை.
பிரதியில் அப்படி ஒரு வரியும் இல்லை.
என்னைக் கேட்காமலே
கழுத்து இடது பக்கம் திரும்பியது.
"இல்ல, தலையில!"
பக்கத்தில் இருந்தவள் அவன் சட்டையைப் பிடித்து
இருத்தப் பார்த்தாள்.
வலது பக்கம் திரும்பினேன்.
நிலவறை உடைந்தது.

முடிந்ததும் அவன் வரவில்லை.
கடைசி ரயிலைப் பிடிக்க ஓடியிருப்பான்.
ஒப்பனையைத் துடைத்து, வாளியைக் கவிழ்த்து,
யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தபின்
ஒருதரம்
தலையைத் தொட்டுப் பார்த்தேன்.