மேனிஃபோல்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே

காலையில் மட்டும்தான் அந்தச் சத்தம்.
பானெட்டுக்குள் யாரோ உட்கார்ந்து
நகம் வெட்டுவதுபோல, டிக் டிக் டிக்.
மரப்பாலம் தாண்டுவதற்குள் அடங்கிவிடும்.
சூடேறினால் இரும்பு விரிந்து
ஓட்டையைத் தானே மூடிக்கொள்கிறது
என்றான் தேவநாதன்.
அப்போ பரவாயில்லையா?
"தலைவலி வருதா மேடம்?"
வந்தது.
அதை நான் துறைத்தலைவர் கணக்கில்
எழுதிவைத்திருந்தேன்.

தொண்ணூற்றாறாம் வருடத்து வண்டி.
தேவநாதனுக்கு அது பீஜியட்,
நெல்லித்தோப்புக் கடைக்காரருக்குப் பூஜோ,
மாடிவீட்டு அமலோர் ஐயா மட்டும்
உதட்டைக் குவித்துப் பெழோ என்பார்.
வண்டி எதற்கும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தெருவுக்குத் தெரு நீல எனாமல் பலகையில்
பிரெஞ்சுப் பெயர் தொங்குகிற ஊர்.
நீள ரொட்டி கிடைக்கிறது, நாறுகிற சீஸ் கிடைக்கிறது,
எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கிடைக்கவில்லை.
வரவழைக்கலாம்: கேஸ்கெட் பதினோரு யூரோ,
தபால் நாற்பத்தாறு.
துலூஸிலிருந்து மகள் கிறிஸ்துமஸுக்கு வருவாள்,
கொண்டுவரச் சொல்கிறேன் என்றார் அமலோர் ஐயா.
அது ஏப்ரல் மாதம்.

நெல்லித்தோப்பில்
வேறு ஏதோ டீசல் வண்டியின் கேஸ்கெட்டை எடுத்து
என் பழையதன் மேல் வைத்துத்
தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார் கடைக்காரர்.
எட்டில் ஐந்து துளை சேர்ந்தது.
"பத்துக்கு ஆறு பொருந்தினா
கல்யாணமே பண்ணிரலாம்.
இதுக்கு எட்டும் பொருந்தணுமே."

கடைசியில் மேனிஃபோல்டைக் கழற்றிச்
சாக்குப்பையில் கட்டிக்கொண்டு
கடலூர் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் தூக்கிப் பார்த்துவிட்டு லக்கேஜ் போட்டார்.
கன்னியக்கோயில் வரை
என் செருப்பின் மேல் துருக் கொட்டிக்கொண்டே வந்தது.

ஓ.டி.யில் துறைமுகத்தை ஒட்டி
லாஞ்சு எஞ்சினுக்குச் சாமான் விற்கிற கடை.
தாண்டவன் என்று பெயர். லுங்கியில் டீசல்.
வெள்ளை ஷீட்டா என்று கேட்டேன்.
"அது வேணாம், தூசி நெஞ்சுல நிக்கும். செம்புல வெட்டித் தரேன்."
அச்செடுக்கக் காகிதம் கேட்டார்.
என் பையில் இருந்தது எழுதாத விடைத்தாள் ஒன்று.
மேனிஃபோல்டு முகத்தில் கிரீஸ் தடவி
அதன்மேல் கவிழ்த்து எடுத்தார்.
நான்கு கருப்பு முட்டை, எட்டுப் புள்ளி.
பழக்கதோஷம், ஓரத்தில் மார்க் போடக் கை போனது.

தகட்டைச் சிவக்கக் காய்ச்சி
வாளித் தண்ணீரில் முக்கினார்.
இறுகிவிடாதா என்றேன்.
"இரும்புதான் இறுகும். செம்பு இளகும்."
சொல்லிவிட்டு இரண்டு துளையை
அரத்தால் கொஞ்சம் நீளமாக்கினார்.
பதினோரு மாத ஒப்பந்தத்தில்
ஒருவர் ஓய்வுபெற்ற நாற்காலியில் உட்கார்கிறவள் நான்.
அரம் போகிற சத்தத்தை
வேண்டியதைவிட நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

எவ்வளவு நாள் தாங்கும்?
"கம்பெனிது எவ்ளோ நாள் தாங்குச்சு?"
இருபத்தெட்டு வருஷம்.
"அதுக்கு மேலயும் நீங்க ஓட்டப்போறீங்களா?"

முந்நூற்றைம்பது ரூபாய்.
அச்செடுத்த தாளை மடிக்கப்போனேன், கை நீட்டினார்.
"இருக்கட்டும். அடுத்த ஆள் வந்தா உதவும்."
வரமாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.
சுவரில் ஆணியில் குத்தினார்
கல்லூரி முத்திரை மேலே தெரிய.

தேவநாதன் நடுவிலிருந்து ஓரத்துக்குப்
போல்ட் போல்ட்டாக முடுக்கினான்.
ஸ்டார்ட் செய்தோம். டிக் இல்லை.
அவன் சிரிக்கத் தொடங்குமுன்
ஓட்டிப் பார்க்கலாம் என்று தெருமுனை வரை போனால்,
இடது முன்சக்கரத்திலிருந்து ஒரு முனகல்.
எத்தனை மாதமாக அங்கே இருந்ததோ.
"பேரிங்," என்றான்.

இன்னொன்றும்.
வண்டிக்கடியில் தூங்கும் செவலை நாய்
டிக் கேட்டதும் எழுந்து போய்விடும்.
இப்போது எழுவதில்லை.
தினமும் எட்டரைக்கு, புடவையைச் சொருகிக்கொண்டு
குனிந்து அதைக் கெஞ்சவேண்டியிருக்கிறது.